மல்லாந்த ஆமைக்கு மூங்கில் கழி டெஸ்பாட்ச் ஆன கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நான் சொல்லப்போகும் காட்டில் சிங்கம் இல்லை, முகாமில் இருந்தது. எங்கே முகாம், எப்போது திரும்பும் என்று கேட்ட விலங்குகளெல்லாம் பேரன் பேத்தி எடுத்துவிட்டன. ஆகவே சிங்கத்தை விட்டுவிடுங்கள். இது ஒரு ஆமையின் கதை. ஆமை என்றதும் பந்தயம் வரும் என்று சாய்ந்து உட்காராதீர்கள். இந்தக் கதையில் பாதி நேரம் ஆமை மல்லாந்துதான் கிடக்கும்.

அந்தக் காட்டில் முன்பெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது எதையாவது அனுப்ப வேண்டும் என்றால், வழியில் போகிறவரை நிறுத்தி, "அந்தப் பக்கமாவா போறீங்க? இதை அப்படியே கரடி வீட்டுல குடுத்துடுங்களேன்" என்பார்கள். போகிறவரும் வாங்கிக்கொள்வார். மாட்டேன் என்று சொன்னால் ஊரில் பெயர் கெட்டுவிடும். கரடியும் வந்த சுரைக்குடுக்கையை வெறுமனே திருப்பாது. இரண்டு இலந்தைப் பழமாவது போட்டுத்தான் கொடுத்தனுப்பும். பொருள் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் சேர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் வைக்காத வேலைகள்தான் ஒழுங்காக நடக்கும் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கதை என்னுடையது.

இப்படி எல்லாம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் தணிகாசலம் என்ற நரி ஊரிலிருந்து திரும்பி வந்தது. தணிகாசலம் சில காலம் ஊருக்குள் ஓர் அலுவலகத்தின் பின்பக்கம் குடியிருந்தது. மதியச் சாப்பாட்டின் மிச்சத்தை ஜன்னல் வழியே எறிவார்கள். அது விழும்வரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். சோறு எப்போதாவதுதான் விழும், பேச்சு நாள் முழுக்க விழும். நரி இரண்டையும் பொறுக்கித் தின்றது. சோறு செரித்துவிட்டது. பேச்சு செரிக்காமல் அப்படியே நின்றுவிட்டது.

வந்த கையோடு நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டது.

"இனிமே நம்ம காட்டுல எதையும் கண்டவன் கையில குடுத்து அனுப்பக் கூடாது. டெஸ்பாட்ச்தான் பண்ணணும்" என்றது.

குரங்கு கையைத் தூக்கியது. "டெஸ்பாட்ச்னா என்ன சார் அர்த்தம்?"

"அனுப்புறது."

"அதுக்குத்தான் அனுப்புறதுன்னு நம்மகிட்டயே ஒரு வார்த்தை இருக்குதே?"

நரி பரிதாபத்தோடு சிரித்தது. படித்தவர்களின் முதல் அடையாளமே அந்தச் சிரிப்புதான்.

"இருக்கு. கோளாறே அதுலதான். அனுப்பிட்டேன்னு சொல்லிப் பாரு. யார்கிட்ட குடுத்தே, எப்பக் குடுத்தே, போய்ச் சேந்துச்சான்னு உடனே கேப்பாங்க. டெஸ்பாட்ச்னு சொல்லிப் பாரு, ஒருத்தன் வாயைத் தொறக்கமாட்டான். அதுலயும் டெஸ்பாட்ச் பண்ணிட்டேன்னு சொல்லிடாதே. யார் பண்ணினதுன்னு தெரிஞ்சுபோகும். டெஸ்பாட்ச் ஆயாச்சுன்னு சொல்லணும். மழை பேயுது, வெயில் அடிக்குதுங்கிற மாதிரி. அது தானா ஆகும்."

குரங்கு உடனே சோதித்துப் பார்த்தது. புளியங்கொட்டை கேட்டு வந்து நின்ற அணிலிடம், "உன் கொட்டை டெஸ்பாட்ச் ஆயாச்சு" என்றது. அணில் ஒரு கணம் திகைத்தது. பிறகு, "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. அன்றிரவு அணில் குடும்பம் பட்டினிதான். ஆனால் தங்களுக்கும் ஒன்று டெஸ்பாட்ச் ஆகியிருக்கிறது என்ற பெருமையில் பக்கத்துப் பொந்துக்காரர்களிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது.

நாவல் மரத்தடியே ஆபீஸ் ஆயிற்று. குரங்கு, நாவல் பழச் சாற்றில் உள்ளங்கையைத் தோய்த்துத் தேக்கிலையில் அறைந்து முத்திரை குத்தும் வேலைக்கு வந்தது. சிங்கம் இல்லாத நேரத்தில் காட்டுக்குப் பொறுப்பாக இருந்த யானை, ஊதா நிறக் கைரேகையைப் பார்த்து அசந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டது. யானை சும்மா நின்றாலே தலை ஆடும். அதை நரி சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அடுத்து, பொருளைச் சுமந்து போக ஓர் ஊழியர் வேண்டும். முயல் விண்ணப்பித்தது. நரி வேண்டாம் என்றுவிட்டது.

"முயல் போனா போய்ச் சேந்துடும். சேந்தா பதில் வரும். பதில் வந்தா வேலை வரும்" என்று குரங்கின் காதில் சொன்னது.

அப்படித்தான் சிங்காரத்துக்கு வேலை கிடைத்தது. சிங்காரம் என்பது நம் ஆமை. நல்ல மனசு, மந்த நடை, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடும். வேலை கிடைத்த அன்று ஏரிக்கரைப் புதரில் இருந்த மனைவி பொன்னுருவியிடம் போய், "இன்னியிலேருந்து காட்டுல யாரும் எதையும் தூக்கிட்டுப் போகக் கூடாது, நான் மட்டுந்தான்" என்று மார் தட்டியது. மாரில் ஓடு இருந்ததால் சத்தம் நன்றாகவே கேட்டது.

"மத்தவங்க போகக் கூடாதுன்னு சொல்றது ஒரு வேலையா?" என்றாள் பொன்னுருவி.

"ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது."

"புரியாம இருக்குறதே மேல்" என்று அவள் கோரைக்கிழங்கைக் கடித்தாள்.

கோடை வந்தது. ஏரி வற்றி, நடுவில் எருமை புரளும் அளவுக்குச் சேறும், அதன் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீரும் மிஞ்சின. அப்போது கரடிக்கு ஒரு பலாப்பழம் டெஸ்பாட்ச் ஆயிற்று. சிங்காரம் அதைக் கொடியால் முதுகில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஏறியது. ஏறியவரை பெருமைதான். இறக்கத்தில் பலாப்பழம் முந்திக்கொண்டது. பழமும் ஆமையும் மாறி மாறி மேலும் கீழுமாக உருண்டு, வற்றிய ஏரிக்குள் வந்து நின்றபோது பழம் பிளந்து ஒரு பக்கம் கிடந்தது. சிங்காரம் மல்லாந்து ஒரு பக்கம் கிடந்தது.

மல்லாந்த ஆமையின் நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே? நாலு காலும் வானத்தைத் துழாவும். பூமி முதுகுக்குக் கீழேயே இருக்கும், எட்டாது. உச்சி வெயிலில் வெகு நேரம் கிடந்தால் ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும். பொன்னுருவி ஓடி வந்தாள், அதாவது ஆமைகள் ஓடுவதுபோல. தலையைக் கொடுத்து முட்டினாள். தோள் கொடுத்துத் தள்ளினாள். சிங்காரம் ஆடியதே தவிர புரளவில்லை. தேக்கிலை ஒன்றை இழுத்து வந்து அதன்மேல் நிழலாகப் போட்டுவிட்டு, "இருங்க, ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

"ஆள் எதுக்கு? ஆபீஸ்ல சொல்லு. நான் அங்க வேலை பாக்குறவன்" என்றது சிங்காரம், தலைகீழாக.

ஆபீஸில் நரி மிக மரியாதையாகப் பேசியது. "நம்ம ஸ்டாஃபாச்சே! உடனே ஏற்பாடு பண்றேம்மா" என்று, நல்ல முற்றிய மூங்கில் கழி ஒன்றை எடுத்துவரச் சொன்னது. ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஒரே நொடியில் ஆமை நிமிர்ந்துவிடும். குரங்கு தேக்கிலையில் ஓங்கி அறைந்தது. "டெஸ்பாட்ச் ஆயாச்சும்மா, நிம்மதியாப் போங்க" என்றது நரி. பொன்னுருவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

கழி வரவில்லை. வெயில் வந்தது. பொன்னுருவி ஏரித் தண்ணீரை வாயில் கொண்டுவந்து கணவன் வாயில் ஊற்றிவிட்டு மறுபடியும் ஆபீஸுக்கு நடந்தாள். நாவல் மரத்தில் அதே மூங்கில் கழி சாத்தியிருந்தது. அதன் கழுத்தில் ஊதா முத்திரை போட்ட தேக்கிலை தொங்கியது.

"கழி இங்கதானேய்யா இருக்கு?"

"இங்க இருக்கறது வெறும் கழிம்மா. டெஸ்பாட்ச் ஆனது ஆயாச்சு" என்றது நரி.

"அப்ப யாரு அதைக் கொண்டாருவா?"

"அதுக்குன்னு உள்ள ஊழியர்தான்."

"அந்த ஊழியர்தானேய்யா அங்க மல்லாந்து கிடக்காரு!"

நரி இதை யோசிக்கவில்லை. ஆனால் யோசிக்காததை யோசித்ததுபோல் காட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "அப்படியா? அது ரொம்ப நல்லதாப் போச்சு. கொண்டு போறவரும் அவரே, வாங்கிக்கிறவரும் அவரே. நடுவுல தவறிப்போக வழியே இல்ல பாருங்க" என்றது.

"நான் இழுத்துட்டுப் போறேன், குடுங்க."

"கண்டவங்க தொடக் கூடாதும்மா. உங்க வீட்டுக்காரரே காப்பாத்துற சட்டம்தான். அவரே ஒரு தடவை முயலை விரட்டிவிட்டாரு, கேட்டுப் பாருங்க."

அது உண்மைதான். பொன்னுருவி பல்லைக் கடித்தாள். ஆமைக்குப் பல் இல்லை என்று சொல்ல வருகிறவர்கள் அவள் எதிரில் போய்ச் சொல்லட்டும்.

இதற்குள் சேதி பரவி, காடே ஏரிக்கு வந்து பார்த்தது. முதலில் பிளந்த பலாப்பழத்தைப் பார்த்தார்கள். சுளை தீர்ந்த பிறகுதான் ஆமையைப் பார்த்தார்கள். மான் "அடப்பாவமே" என்றது. முயல், தனக்குக் கிடைக்காத வேலையை நினைத்து, கொஞ்சம் சந்தோஷமாகவே "அடப்பாவமே" என்றது. யாராவது காலை நீட்டுவார்களா என்று பொன்னுருவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"உதவி டெஸ்பாட்ச் ஆயாச்சாமே?" என்று கேட்டது மான்.

"ஆயிருக்கு. ஆனா வரல."

"அதெல்லாம் வந்துடும். நாம நடுவுல புகுந்து கெடுத்துடக் கூடாது" என்று மான் வாயைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் எல்லோரும் போனார்கள்.

யானை தினமும் அந்த வழியாகத்தான் குளிக்கப் போகும். துதிக்கையின் நுனி பட்டால் போதும், ஆமை நிமிர்ந்துவிடும். யானைக்கு மனசு கேட்கவில்லை. நின்றது, துதிக்கையை நீட்டியது, மடக்கியது.

"நானே புரட்டிவிட்டா அப்புறம் டெஸ்பாட்சுக்கு என்னம்மா மரியாதை? பொறுப்புல இருக்கறவன் நான்" என்றது. சொல்லிவிட்டு, குளிக்கப் போகும் வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. பார்க்காமல் இருந்தால் மனசு அவ்வளவாகக் கேட்காது அல்லவா?

காட்டில் அந்த வார்த்தை தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எப்போதும் ஏரியிலேயே கிடந்ததால் கூட்டத்துக்கு வராத எருமை. அது சேற்றிலிருந்து எழுந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, மேயப் போகும் வழியில் சிங்காரத்தைப் பார்த்தது.

"என்னப்பா மல்லாந்து கிடக்கே?" என்றது. பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கொம்பைக் கீழே கொடுத்து ஒரு தட்டுத் தட்டியது. சிங்காரம் நிமிர்ந்துவிட்டது.

அவ்வளவுதான் வேலை. சிங்காரம் நாலு காலையும் மண்ணில் அழுத்தி, மண் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. தண்ணீர் ஓரம்வரை நடந்துபோய் முகத்தை முக்கியது. அந்தச் சில நிமிஷங்கள் அவர்கள் இருவரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஏனென்றால் நரி வந்துவிட்டது. கூடவே குரங்கு.

"யார் இவரைத் திருப்பினது?"

"நாந்தானுங்க" என்றது எருமை.

"கழி இன்னும் போய்ச் சேரவே இல்ல. கழி வராமயே இவரு நிமிர்ந்துட்டா, டெஸ்பாட்ச் ஆனது பொய்னு ஆகாதா? ஏம்பா, டெஸ்பாட்ச்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. அதனாலதான் தூக்கிவிட்டேன்."

குரங்குக்குச் சிரிப்பு வந்தது. நரி பார்த்த பார்வையில் அது உள்ளே போய்விட்டது. பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நரியும் குரங்குமாகச் சேர்ந்து சிங்காரத்தை மறுபடியும் மல்லாக்கப் போட்டார்கள். இடம் மாறிவிடக் கூடாது என்று பழைய பள்ளத்திலேயே, பலாச்சக்கைக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். பொன்னுருவி நரியின் வாலைக் கடித்து இழுத்தாள். கடைசிவரை விடவில்லை. வால் முடிதான் வாயோடு வந்தது.

மிகப் பெரிய கொடுமை என்னவென்றால், சிங்காரம் திமிறவே இல்லை. "விடு பொன்னு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றது. குரல் மட்டும் உடைந்திருந்தது.

எருமையைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். நாவல் மரத்தடியில் நிற்க வைத்து அந்த வார்த்தையின் பொருளையும் அதைப் பயன்படுத்தும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வரும்போது எருமை நின்று, மல்லாந்த ஆமையைப் பார்த்தது. கொம்பு தாழ்ந்தது. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிமிர்ந்தது.

"உதவி டெஸ்பாட்ச் ஆயாச்சாமே?" என்று கேட்டுவிட்டு மேயப் போயிற்று.

அன்று சாயங்காலம் பொன்னுருவி அழுதாள். பலாச்சக்கை ஈ மொய்க்க, சிங்காரம் கண்ணை மூடிக் கிடந்தது. நாக்கு வறண்டு, சொல்லும் சரியாக வரவில்லை. "நம்ம ஆபீஸ் கைவிடாது பொன்னு" என்று முனகியது. அவளுக்கு அந்த நரியின்மேல் வந்த கோபத்தைவிடக் கணவன்மேல்தான் அதிகம் வந்தது. நாளைக்கு வெயில் ஏறினால் அவன் தாங்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கோபம் ஒரு நல்ல வாத்தியார். அழுது முடித்ததும் அவள் யோசித்தாள். வந்தது, போனது, கிடப்பது, சாவது என்று கண்ணால் காண்கிற எதையும் அந்த ஆபீஸ் பார்ப்பதில்லை. முத்திரை விழுந்தால் அந்தப் பொருள் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணெதிரே மரத்தில் சாத்தியிருந்தாலும் அது போய்விட்டதுதான். அப்படியென்றால் முத்திரை குத்த வேண்டியது மூங்கில் கழிக்கு அல்ல என்று அவளுக்குப் பட்டது.

விடிந்ததும் விடியாததுமாக ஆபீஸில் நின்றாள். நரி வாலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கழியைப் பத்திக் கேக்க வந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தது.

"இல்லய்யா. நான் ஒண்ணு அனுப்ப வந்திருக்கேன். டெஸ்பாட்ச்."

நரியின் காது நிமிர்ந்தது. பெண்டாட்டிமார்களே தேடி வந்து டெஸ்பாட்ச் செய்யும் அளவுக்குத் தன் ஆபீஸ் வளர்ந்துவிட்டதே என்று அதற்குப் பூரிப்பு. "பேஷாச் செய்யலாம். என்ன பொருள்?"

"என் வீட்டுக்காரரு."

"எங்க?"

"இங்கதான். ஆபீசுக்கு. வேலைக்கு வராம ரொம்ப நாளாச்சு, நல்லா இருக்காது பாருங்க."

"தங்கமான யோசனை!" என்றது நரி. குரங்கு சாற்றில் கையைத் தோய்த்துத் தேக்கிலையில் ஓர் அறை விட்டது. பொன்னுருவி இலையை வாங்கி வாயில் கவ்விக்கொள்வதற்கு முன் ஒன்று கேட்டாள்.

"அப்ப இப்ப அவரு எங்கய்யா இருக்காரு?"

"டெஸ்பாட்ச் ஆயாச்சு. இனிமே ஆபீஸ் பொறுப்பு. இங்கதான் இருக்காரு."

"ஏரியில?"

"இல்ல."

"ஏரியில ஏதோ மல்லாந்து கிடக்குதே?"

நரி தாடையைச் சொறிந்தது. ஏரியில் கிடப்பது சிங்காரம் என்றால் முத்திரை பொய். முத்திரை பொய் என்றால் கழியும் பொய், பலாப்பழமும் பொய், அணிலின் கொட்டையும் பொய். இப்படி யோசித்துக்கொண்டே போனால் நரி தன் வேலை வரைக்கும் போய்விடும். அது பாதியிலேயே நிறுத்திக்கொண்டது.

"அது ஏதாவது ஒரு ஓடா இருக்கும்மா" என்றது.

பொன்னுருவி இலையைக் கவ்விக்கொண்டு, யானை மாற்றிக்கொண்ட புது வழியில் போய்க் குறுக்கே நின்றாள். யானை அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தது.

"பயப்படாதீங்கய்யா, உதவி கேட்டு வரல. ஏரிக்குள்ள ஒரு ஓடு தலைகீழாக் கிடக்கு. போறவங்க வர்றவங்க கால்ல இடறும். கொஞ்சம் புரட்டிப் போட்டீங்கன்னா நல்லது."

"அது சிங்காரம் இல்லயா?" என்று தயங்கியது யானை.

"அவரு ஆபீஸ்ல இருக்காரு. முத்திரையைப் பாருங்க."

யானை இலையை வாங்கி வெகு நேரம் பார்த்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊதா நிறம் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், பக்கத்து மூங்கில் புதரே சாய்ந்து நிமிர்ந்தது. விறுவிறு என்று ஏரிக்குள் இறங்கி, துதிக்கை நுனியால், குழந்தையைப் புரட்டுவதுபோல அந்த ஓட்டைப் புரட்டி வைத்தது. துதிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றியது. ஓட்டிலிருந்து ஒரு தலை மெதுவாக வெளியே வந்தது.

"ஐயா..." என்றது சிங்காரம்.

யானை அவசரமாக வானத்தைப் பார்த்தது. "ஓடெல்லாம் என்கூடப் பேசக் கூடாது" என்றது. நாலு அடி போய்விட்டு, திரும்பாமலே, "ஆபீஸ்ல சிங்காரத்தைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்றது. அதன் குரலும் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது.

பொன்னுருவி நடந்ததையெல்லாம் கணவனுக்குச் சொன்னாள். சிங்காரம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அப்ப நான் யாரு?" என்றது.

"எனக்குத் தெரியும், போதும். வாங்க, தண்ணிக்குள்ள போவோம்."

அதன் பிறகு சிங்காரம் ஆபீஸில்தான் இருந்தது. அதாவது ஆபீஸைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நாவல் மரத்தின் வேருக்கருகே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, வரும் பொருளையெல்லாம் அங்கே குவித்தார்கள். லீவு எடுக்கவில்லை, நேரத்துக்கு முன்னால் எழுந்து போகவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஓர் ஊழியர் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும் என்று நரி உருகியது. வருடத்தின் சிறந்த ஊழியர் என்று அந்த வெற்றிடத்துக்குக் கொன்றைப்பூ மாலை போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எருமை எல்லோரையும்விட நன்றாகத் தட்டியது.

காட்டின் இன்னொரு பக்கம் பெயர் இல்லாத ஓர் ஆமை, தன் பெண்டாட்டியோடு அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அணில் அதனிடம் மெல்ல வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமாவா போறீங்க? இதைக் கரடி வீட்டுல குடுத்துடுங்களேன்" என்றது. ஆமை வாங்கிக்கொண்டது. போக ரொம்ப நேரம் ஆயிற்று, ஆனால் போய்ச் சேர்ந்தது. கரடி குடுக்கையில் இரண்டு இலந்தைப் பழம் போட்டுக் கொடுத்தது.

கதையை இங்கேயே முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டது.

முதல் மழையில் வழுக்கி, தணிகாசலம் நரி ஒரு பழைய யானைக்குழியில் விழுந்தது. ஆழமான குழி, சேற்றுச் சுவர், ஏறினால் சறுக்கியது. கத்தியது. முதலில் எருமைதான் எட்டிப் பார்த்தது.

"என்னங்கய்யா, உதவி டெஸ்பாட்ச் ஆயாச்சுங்களா?"

"இன்னும் ஆகலப்பா! நீயே எதையாவது நீட்டு!"

எருமை அதிர்ந்துபோயிற்று. "ஆகலயா? அது தப்பாச்சே. இருங்க, ஆபீஸ்ல சொல்லிட்டு வர்றேன்" என்று ஓடியது. எருமை ஓடி யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் குரங்கின் தலை குழிக்கு மேலே தெரிந்தது. உள்ளங்கை ஈரமாக, ஊதாவாக இருந்தது. "சார், கவலையே படாதீங்க. மூங்கில் கழி டெஸ்பாட்ச் ஆயாச்சு. சிங்காரம்தான் கொண்டு வர்றாரு" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, கூடியிருந்தவர்களைக் கலைந்து போகச் சொன்னது. மான், முயல், அணில் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போனார்கள். யானை வேறு வழியாகக் குளிக்கப் போயிற்று.

நரி சேற்றில் உட்கார்ந்து மேலே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அப்போது மேலே மெதுவாக, மிக மெதுவாக, யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

"சிங்காரம்! சிங்காரம், நீதானே? அந்தக் கழியைக் கொஞ்சம் உள்ள தள்ளிவிடுப்பா!"

நடை நின்றது. குழியின் விளிம்பில் ஒரு தலையும், அதன் பக்கத்தில் இன்னொரு தலையும் தெரிந்தன. சிங்காரத்துக்கு நல்ல மனசு என்று முதலிலேயே சொன்னேன். அது கீழே பார்த்தது, பக்கத்தில் இருந்த பொன்னுருவியைப் பார்த்தது. பலாச்சக்கையும் ஈயும் பழைய பள்ளமும் ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ, சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சிங்காரம் ஆபீஸ்ல இருக்காரு சார். நீங்கதான் மாலை போட்டீங்க" என்றது மிக மரியாதையாக.

இரண்டு தலைகளும் மறைந்தன. நரி, "காப்பாத்துங்க!" என்று கத்தியது. பல காலத்துக்குப் பிறகு அது வாய்விட்டுச் சொன்ன நல்ல தமிழ் வார்த்தை. தமிழில் சொன்னால் யார், எப்போது, எப்படி என்று யாராவது கேட்பார்கள் என்று அதுதான் ஒரு காலத்தில் குறைப்பட்டுக்கொண்டது. அன்றைக்குக் கேட்க யாரும் இல்லை. மழை வலுத்தது.

நீதி: குழியில் விழ வாய்ப்பு உள்ளவர்கள், மேலே நிற்கப்போகிறவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கக் கூடாது.